நவமணியின் இடது தோள்

நவமணி ஒற்றைத் தோளில் எதையும் மாட்டுவதில்லை. பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் பசாரில் காய்கறிப் பையை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பாள். பேருந்தில் கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வாள். பதினோராவது மாடியில் இருக்கும் தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடுவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. குளியலறைக்குள் கொடி கட்டியிருக்கிறாள். துணிகள் முழுதாகக் காய்வதே இல்லை. அவள் கணவர் சுகுமாரன் பாதி ஈரச் சட்டையைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறார்.

அவள் கல்யாணப் படம் எடுப்பவள். அதற்கு முன் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பதினாறு வருடம் உருப்பெருக்கிக்கு முன் உட்கார்ந்து, நகக்கண் அளவு சாமான்களில் ஒட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தவள். கோளாறு கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச அந்த வரிசையில் ஆள் கிடையாது. கம்பெனி வேறு நாட்டுக்குப் போனபோது, கூட வேலை பார்த்த பெண்களில் பலர் அடுத்த தொழிற்சாலைக்குப் போனார்கள். நவமணி பழைய கேமரா ஒன்றை வாங்கினாள். தோழிகளின் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் படம், பிறகு நிச்சயதார்த்தம், பிறகு கல்யாணம் என்று ஆறு வருடத்தில் பினாங்கில் அவளுக்கு ஒரு பெயர் வந்தது. பெண் வீட்டார் அவளை விரும்பினார்கள். மணமகள் அலங்காரம் செய்துகொள்ளும் அறைக்குள் அவள் தயங்காமல் போய்வரலாம் அல்லவா.

அப்போதெல்லாம் வேலைக்குப் போகும்போது இரண்டு கேமரா. அகலமாகப் பிடிப்பது கழுத்தில் தொங்கும். தூரத்து முகங்களைப் பிடிக்கும் நீள லென்ஸ் மாட்டிய இன்னொன்று இடது தோளில். அந்த இரண்டாவது, லென்ஸோடு சேர்த்து இரண்டேகால் கிலோ. முதுகில் போடும் பை ஒன்றும் வைத்திருந்தாள். நல்ல பை, உள்ளே மெத்தை வைத்து அறை அறையாகத் தைத்தது. ஆனால் அதைக் கழற்றித் தரையில் கிடத்தினால்தான் திறக்க முடியும். கல்யாணத்தில் அதற்கு நேரமேது? பை ஏதாவது ஒரு நாற்காலிக்கடியில் கிடக்கும், கேமராக்கள் அவள் உடம்பிலேயே தொங்கும்.

பெருந்தொற்றில் தள்ளிப்போன கல்யாணங்கள் எல்லாம் 2022இல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. வாரக்கடைசியில் மூன்று. கேமராவின் பழைய வார், உட்பக்கம் ரப்பர் வைத்த கறுப்புப் பட்டை, வியர்வையில் ஊறி அவள் கழுத்தோரத்தையும் தோளையும் அறுத்துப் புண்ணாக்கியிருந்தது. பட்டு ரவிக்கையில் கறுப்புக் கறையும் பிடித்தது. ஒரு மாப்பிள்ளையின் அம்மா, "என்னம்மா, வொர்க்‌ஷாப் ஆள் மாதிரி வந்திருக்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டும்விட்டாள். அன்று வீட்டுக்கு வந்த நவமணி கைப்பேசியில் தேடி ஒரு புது வார் எடுத்தாள். அரக்கு நிறம், மெத்தென்ற நெசவு, வெளிச்சம் பட்டால் பட்டு போல மினுங்கும். தேடியபோது இன்னும் நான்கைந்து கண்ணில் பட்டன. எது எவ்வளவு கனம் தாங்கும் என்று கீழே எழுதியிருந்ததை அவள் படித்தாள். எது தோளில் நிற்கும் என்று யாரும் எழுதவில்லை, அவளும் யோசிக்கவில்லை. நிறத்துக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள். இதைப் பின்னாளில் போலீஸிடம்கூட அவளாகவே சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

புது வார் வழுக்கியது. பட்டின் மேல் பட்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடது தோளை லேசாகத் தூக்கிக் குலுக்கினால் மறுபடி கழுத்தோரம் ஏறிக்கொள்ளும். ஒரு மாதத்தில் அது பழக்கமாகிவிட்டது. வீட்டில் கேமரா இல்லாதபோதும் தோளைத் தூக்கினாள்.

சுகுமாரன் கேட்டார். "ஏன் தோள தூக்கிட்டே இருக்க? சுளுக்கா?"

"இல்ல லா. ஸ்ட்ராப் கொஞ்சம் வழுக்குது. பழகிரும்."

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்ஷிகாவின் கல்யாணம். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். மூன்று தலைமுறையாகப் பினாங்கில் இருக்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் பழைய மண்டபம் ஒன்று எடுத்திருந்தார்கள். மூன்று பக்கமும் மேல்மாடம் வைத்தது. காலையிலிருந்தே நவமணியின் கண்ணில் ஓர் அம்மாள் பட்டுக்கொண்டே இருந்தாள். பெண்ணின் அப்பாவுக்கு அக்கா, கனகேஸ்வரி. அறுபத்தெட்டு வயது, பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். பாக்குநிறச் சேலை, கொண்டையில் மல்லிகைச்சரம். குத்துவிளக்குத் திரி திரைச்சீலைக்குப் பக்கத்தில் எரிகிறது என்று அவள்தான் சொன்னாள். ஒரு குழந்தையின் சப்பாத்து நாடா அவிழ்ந்திருப்பதை அவள்தான் பார்த்தாள். சாப்பாட்டுப் பக்கம் தரை ஈரமாக இருக்கிறது, துடைக்கச் சொல்லுங்கோ என்று மூன்று பேரிடம் சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வேறு வேலை பார்த்தார்கள்.

தாலி கட்டும் நேரம் நெருங்கியபோது நவமணி மாடிக்குப் போனாள். மேலிருந்து மணவறையை முழுதாகப் பிடிக்க வேண்டும் என்பது தர்ஷிகாவின் ஆசை. கைப்பிடிச் சுவரில் இடுப்பை அழுத்தி, உடம்பை வெளியே நீட்டி, கழுத்தில் தொங்கிய கேமராவால் படம் எடுக்க ஆரம்பித்தாள். கெட்டிமேளம் தொடங்கியது. தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து அந்தப் பழைய கூரைக்கடியில் ஒரே இடியாக இருந்தது. இடது தோளிலிருந்து வார் முழங்கை மடிப்புக்கு இறங்கியதை அவள் உணர்ந்தாள். தோளைக் குலுக்கினாள். இன்னும் ஒரு படம், இன்னும் ஒன்று என்று கையை மேலும் நீட்டினாள். அப்போது இடது கை திடீரென்று லேசாகியது.

அந்த லேசு. அதைத்தான் அவளால் யாருக்கும் விளக்க முடியவில்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை, மேளம் அடித்துக்கொண்டிருந்தது. கனம் போய்விட்டது, அவ்வளவுதான். ஒரு கணம் அது சுகமாகக்கூட இருந்தது. பிறகு கீழே பார்த்தாள்.

கேமரா கனகேஸ்வரியின் தலையில் உரசி, வலது தோள்பட்டையில் விழுந்திருந்தது. அவள் நாற்காலி வரிசைக்கு முன்னால் ஒருக்களித்துக் கிடந்தாள். மல்லிகைச்சரம் சிவந்துகொண்டிருந்தது. மணவறையில் தாலி ஏறிவிட்டது. மேளக்காரர்களுக்கு விஷயம் தெரியவில்லை. இன்னும் ஒரு நிமிடம் அடித்தார்கள்.

கனகேஸ்வரிக்கு வலது காறை எலும்பு முறிவு. தலைக்குள் இரத்தக்கசிவு. அறுவை சிகிச்சை முடிந்து பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தாள். போலீஸ் நவமணியிடம் இரண்டு முறை வாக்குமூலம் வாங்கியது, கடைசியில் விபத்து என்று முடித்தது. குடும்பத்தார் வழக்குப் போடவில்லை. திட்டவும் இல்லை. யாராவது ஒருவர் வந்து கன்னத்தில் அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நவமணி சுகுமாரனிடம் சொன்னாள். அவர், "ஆக்சிடென்ட் லா மணி. நீ வேணும்னா போட்ட?" என்றார். அதே வார்த்தையை அவர் அந்த மாதத்தில் இருபது முறையாவது சொல்லியிருப்பார். நல்ல மனிதர்.

கனகேஸ்வரி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட பிறகு நவமணி ஒரு நாள் பழம் வாங்கிக்கொண்டு போனாள். கதவைத் திறந்தவர் கணவர் தியாகராஜா. எழுபத்து நான்கு வயது. துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒல்லி, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை.

"வாங்கோ பிள்ளை. இருங்கோ," என்றார். "அவவுக்குச் சொல்லு வருகுதில்லை. ஆனா எல்லாம் விளங்கும்."

கனகேஸ்வரி ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தாள். தலைமயிர் மழித்த இடத்தில் வெள்ளை முளைத்திருந்தது. நவமணியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. வாயைத் திறந்தாள். "அ... அ..." என்பதற்கு மேல் வரவில்லை. பிறகு கையைத் தூக்கித் தன் தோளைத் தட்டினாள். இரண்டு விரலால், மெதுவாக. நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். கண்ணை எடுக்காமல் நவமணியையே பார்த்துக்கொண்டு தட்டினாள்.

எலும்பு முறிந்த வலியைக் காட்டுகிறாள் என்று நவமணி நினைத்தாள். அவள் காலடியில் உட்கார்ந்து, "மன்னிச்சிருங்க ஆன்ட்டி, மன்னிச்சிருங்க" என்று அழுதாள். கனகேஸ்வரி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கோபமா, வேண்டாம் என்கிறாளா, தெரியவில்லை. தட்டுவதை நிறுத்தவில்லை. தியாகராஜா வந்து அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தார்.

அதன் பிறகுதான் அந்த லேசு நவமணியைத் தேடி வர ஆரம்பித்தது. பேருந்தில் நின்றுகொண்டிருப்பாள், தோளிலிருந்து ஏதோ நழுவும். சட்டென்று வலது கையால் இடது தோளைப் பிடிப்பாள். அங்கே ஒன்றும் இருக்காது. சோறு வடிக்கும்போது வரும். கோயிலில் கும்பிட்டுக் கையை இறக்கும்போது வரும். எங்கோ மேளச் சத்தம் கேட்டால் நிச்சயமாக வரும். கைப்பையை மாட்டினால் வரும் என்று பையை மாட்டுவதை நிறுத்தினாள். மாட்டாதபோதும் வந்தது.

மூன்று மாதம் கேமராவைத் தொடவில்லை. பிறகு தொடவேண்டியிருந்தது, அது அவள் தொழில். ஆனால் அதற்கு முன் அவள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த கேமராக் கடைக்குப் போனாள். கடைக்காரர் இம்ரான் அவளைவிடச் சில வயது இளையவர், பல வருடப் பழக்கம். நடந்தது அவருக்குத் தெரியும். இருந்த வார்களை எல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பினார்.

நவமணி துணிப்பையிலிருந்து ஒரு பட்டு ரவிக்கைத்துணியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு இரண்டரைக் கிலோ மாவுப் பொட்டலம் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தாள். இம்ரான் பார்த்தார்.

"அக்கா, என்ன இது? சேலைக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் சேத்துப் போறீங்களா?"

"ஒவ்வொண்ணா மாட்டிப் பாக்கணும் தம்பி. கடை மூடுறதுக்குள்ள முடிச்சிருவேன்."

ஒவ்வொரு வாரிலும் மாவுப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டு, பட்டின் மேல் போட்டு, குனிந்து, நிமிர்ந்து, கையை நீட்டிப் பார்த்தாள். ஒற்றைத் தோளில் போடுவது எதுவாக இருந்தாலும், ரப்பர் வைத்ததோ தோலோ, கையை முன்னால் நீட்டிக் குனிந்தால் இறங்கத்தான் செய்தது. எல்லாவற்றையும் ஒதுக்கினாள். உடம்புக்குக் குறுக்கே போடுவது நழுவாது, ஆனால் கேமராவின் அடியில் ஒரே ஒரு திருகில் நின்றது. திருகு ஆட்டத்தில் தளராதா? இம்ரான், "தளராது லா அக்கா, வாஷர் இருக்கு" என்றார். அவள் ஒதுக்கினாள். அழுத்தினால் கழலும் பிளாஸ்டிக் கொக்கிகளைத் தொடவே இல்லை. கடைசியில், இரண்டு தோளையும் முதுகையும் சுற்றி மார்பில் பூட்டும் வார்க்கட்டு ஒன்று. அதில் கேமரா ஒவ்வொன்றும் பக்கவாட்டில் தனித்தனிக் கொக்கியில் நிற்கும். கொக்கி விட்டாலும் விழாமலிருக்க மெல்லிய கம்பிக்கயிறு ஒன்று தனியாக இருந்தது. நவமணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பழைய தொழிற்சாலைப் பார்வையால் ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள். பட்டை மடியும் இடத்தில் நூல் குறுக்கும் நெடுக்குமாக எத்தனை வரிசை ஓடுகிறது என்று எண்ணினாள். கடையிலிருந்த மூன்றில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ரெண்டுலயும் தையல்ல ஒரு நூல் தாண்டியிருக்கு. யாருக்கும் விக்காதீங்க."

முதுகுப்பையையும் மாற்றினாள். இடுப்பில் பெல்ட்டோடு கட்டும் சின்னப் பைகள் இரண்டு எடுத்தாள். மூடி உடம்பை நோக்கித் திறக்க வேண்டும், வெளியே சாய்ந்து எதுவும் விழக்கூடாது. வீட்டில் சுகுமாரன் ஐந்து கிலோ அரிசி மூட்டையை அந்த வார்க்கட்டில் கட்டிக் குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டார். ஒரு வாரம் தொங்கியது. அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தாள்.

பிப்ரவரியில் கனகேஸ்வரி இறந்தாள். பக்கவாதம் என்றார்கள். ஐந்து மாதத்துக்கு முன் பட்ட அடியால்தான் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. நவமணி சாவு வீட்டுக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தாள்.

சில நாள் கழித்துத் தர்ஷிகா கூப்பிட்டாள். "அக்கா, எனக்குக் கேக்கவே கஷ்டமா இருக்கு. முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் பெரிசாக்கி வைக்க கனகேஸ்வரி மாமியின்ட படம் ஒண்டும் வடிவா இல்லை. கலியாணத்தன்று நீங்க எடுத்ததில இருக்குமா?"

அந்தக் கல்யாணத்தின் படங்களை அதுவரை யாரும் கேட்கவில்லை. நவமணி பார்க்கவும் இல்லை. கேமராவின் மெமரி கார்டை உறையில் போட்டு அலமாரியில் வைத்திருந்தாள். மறுநாள் மத்தியானம் சுகுமாரன் வேலைக்குப் போன பிறகு எடுத்துக் கணினியில் போட்டாள். காலைப் படங்களில் கனகேஸ்வரி பக்கவாட்டிலும் முதுகு காட்டியும்தான் இருந்தாள், எப்போதும் யாரிடமோ எதையோ சொல்லிக்கொண்டு. முகம் முழுதாகத் தெரிந்தது மாடியிலிருந்து எடுத்த படங்களில் மட்டும். மொத்தம் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் நடுவில் மணவறை, இடது கீழ் மூலையில் அவள். மூன்றாவது படத்தில் அண்ணாந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். மேல் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிறது. புருவம் லேசாக உயர்ந்து, பேசப்போகிறவள் போல உதடு பிரிந்து, சிரிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு முகம். ஒரு கை சேலைத் தலைப்பைச் சரிசெய்வது போல இடது தோளில் இருக்கிறது. நவமணி அந்த மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தர்ஷிகாவுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. "இதுதான் அக்கா. அவங்கட முகம் இதுதான். மாமா அழுதுட்டார்."

கணினியை மூடப்போனவள், என்ன நினைத்தாளோ, பன்னிரண்டையும் ஒன்றிலிருந்து வேகமாகத் தள்ளிக்கொண்டே போனாள். படங்கள் ஓடின. மூலையில் இருந்தவளின் கை அசைந்தது. தோளில் பட்டது, விலகியது, பட்டது. இரண்டு விரலால் தட்டினாள். ஆறாவதில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். எட்டாவதில் வரிசையை விட்டு வெளியே வந்திருந்தாள். பத்தாவதில் இரண்டு அடி முன்னால், வாய் அகலத் திறந்திருந்தது. பன்னிரண்டாவதில் நேர் கீழே நின்றாள். மல்லிகைச்சரமும் மேலே தூக்கிய ஒரு கையும் மட்டும் தெரிந்தன.

கனகேஸ்வரி நவமணியின் வார் இறங்குவதைக் கீழிருந்து பார்த்துவிட்டாள். அதைத்தான் தன் தோளைத் தட்டிக் காட்டினாள். கத்தினாள், மேளத்தில் கேட்கவில்லை. கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று கிட்டே வந்தாள். வந்து சரியாக அந்த இடத்தில் நின்றாள். சாய்வு நாற்காலியிலிருந்து தட்டிக் காட்டியதும் இதையேதான். உடைந்தது வலது தோள், அவள் தட்டியது இடது தோள். அன்று சொல்ல முடியாததை அப்போதும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

முப்பத்தோராம் நாளன்று அந்தப் படம் சந்தனப்பொட்டோடு கூடத்தில் இருந்தது. வந்தவர்கள் எல்லோரும், "நேரா எங்களைப் பாக்கிற மாதிரியே இருக்கு" என்றார்கள். நவமணி தலையாட்டினாள். அன்றிலிருந்து அவள் அண்ணாந்த முகங்களைக் கனவு கண்டாள். கனவில் அவள் மேலே இருப்பாள், கீழே எல்லோரும் தோளைத் தட்டிக்கொண்டிருப்பார்கள், அவளுக்கு மட்டும் எதுவும் கேட்காது. சுகுமாரனிடம் சொன்னாள். அவர், "அங்கிள்கிட்ட சொல்லிரு. உள்ளயே வச்சா உன்னத் தின்னுரும்" என்றார்.

ஏப்ரலில் போய்ச் சொன்னாள். தியாகராஜா கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"அப்ப அவ என்னைப் பாக்கேல்லை," என்றார்.

நவமணிக்குப் புரியவில்லை.

"ஒவ்வொரு நாளும் காலமை தேத்தண்ணியோட வந்து இதுக்கு முன்னால இருந்து கதைக்கிறனான். பேப்பரில என்ன வந்தது, ஆர் போன் பண்ணினது, எல்லாம் சொல்லுவன். என்னைத்தான் பாக்கிறா எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். அவ உங்கட தோளை எல்லோ பாத்திருக்கிறா."

"அங்கிள்..."

"இதை நீங்கள் எனக்குச் சொல்லாம விட்டிருக்கலாம், பிள்ளை."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பாரத்தை இறக்கிவைக்க வந்தவள், அதை ஒரு கிழவரின் காலை நேரத்தின் மேல் போட்டுவிட்டாள். மாடிப்படி இறங்கும்போது தோளில் அந்த லேசு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பன்னிரண்டு படங்களையும் கொண்டுவரச் சொன்னார். முழுதாக, வெட்டாமல். அவள் அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பினார்கள். அவர் உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு முதலிலிருந்து பார்த்தார். பத்தாவதுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"'பிள்ளை' எண்டு கூப்பிடுறா. வாயைப் பாருங்கோ. பேர் தெரியாட்டி அவவுக்கு எல்லாரும் பிள்ளைதான்." கண்ணாடியை வைத்தார். "இப்பிடித்தான். ஐம்பது வருசமா சொல்லிக்கொண்டே இருந்தா. காஸை மூடினியளோ, குடையை எடுத்தியளோ. நாங்கள் ஒருத்தரும் காதில போட்டதில்லை." பிறகு அவளை நேராகப் பார்த்தார். "ஒண்டு கேக்கிறன். இவ்வளவு தரம் காட்டியிருக்கிறா. உங்கட கண்ணாலதானே படம் எடுத்தனீங்கள். நீங்கள் ஒருக்காலும் அவவைப் பாக்கேல்லையோ?"

நவமணி இதை யாரிடமும் சொன்னதில்லை. சுகுமாரனிடமும் இல்லை. அந்தப் பன்னிரண்டு படங்களைப் பார்த்த மத்தியானத்தில்தான் அவளுக்கே அது திரும்பி வந்தது.

"பாத்தேன் அங்கிள்," என்றாள். "ஆறாவதுக்கு அப்புறம். யாரோ ஒரு ஆன்ட்டி எந்திரிச்சு கேமராவையே பாக்குறாங்க, படம் கெட்டுப்போகுதுன்னு நெனச்சேன். இங்க பாக்காதீங்க, உக்காருங்கன்னு கை காட்டினேன். இந்தக் கையால."

இடது கையைக் காட்டினாள். வார் அந்தக் கையில்தான் இருந்தது. அந்தக் கையசைப்பில்தான் அது முழங்கையைத் தாண்டியிருக்க வேண்டும்.

தியாகராஜா படங்களை ஒவ்வொன்றாக அடுக்கி உறையில் போட்டார். சமையலறைக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் முகம் கழுவியிருந்தார்.

"உண்மையைச் சொன்னீங்கள். சந்தோசம். ஆனா இனி வரவேண்டாம், பிள்ளை. கோவமில்லை. நீங்கள் வந்தா எனக்கு அந்த மேளம் கேக்குது."

"சரி அங்கிள்."

கதவு வரை கூட வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அவள் கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அதன் பிறகு போகவில்லை. போன வருடம் அவர் தம்பி மகனோடு இருக்கக் கோலாலம்பூருக்குப் போய்விட்டார் என்று தர்ஷிகா சொன்னாள். வீட்டுச் சாமான்களில் பெரும்பாலானவற்றைக் கொடுத்துவிட்டாராம். அந்தப் படத்தைத் தபாலில் போட விடாமல், பழைய போர்வையில் சுற்றி ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாராம்.

நவமணி இன்னும் கல்யாணங்களுக்குப் போகிறாள். பட்டுச் சேலை கட்டுவதில்லை. பருத்திச் சட்டைமேல் அந்த வார்க்கட்டு. பினாங்கில் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் எந்தப் பை, எந்த வார் என்று அவளைத்தான் கேட்கிறார்கள். இம்ரானே அனுப்பிவைக்கிறார். நேரில் வரச் சொல்லி, மாட்டச் சொல்லி, குனியச் சொல்லி, கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். ஏன் இவ்வளவு பார்க்கிறாள் என்று தெரியாதவர்கள் சிரிப்பார்கள். தெரிந்தவர்கள் பேசாமல் கையை நீட்டுவார்கள்.

கெட்டிமேளம் தொடங்கியதும் அவள் இரண்டே இரண்டு படம் எடுப்பாள். பிறகு கேமராவை இறக்கிவிட்டு, மண்டபத்தில் இருக்கும் முகங்களை வரிசை வரிசையாகப் பார்ப்பாள், யாராவது அவளைப் பார்த்து எதையாவது காட்டுகிறார்களா என்று. தாலி கட்டும் படம் குறைவாக இருக்கிறது என்று சில வீட்டார் குறைப்பட்டார்கள். இரண்டு மூன்று பேர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். அவள் வாதாடவில்லை.

போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். மேளம் உச்சத்தில் இருந்தபோது, நான்காவது வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று அவளைப் பார்த்துக் கையசைத்தார். நவமணி கொக்கிகளைத் தொட்டுப் பார்த்தாள், இரண்டும் பூட்டியிருந்தன. இருந்தும் மணவறையை விட்டுவிட்டு, நாற்காலிகளுக்கிடையே புகுந்து ஓடி அவரிடம் போனாள். காதருகே குனிந்து கத்தினாள்.

"என்ன ஐயா? என்ன சொல்றீங்க?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "ஒண்ணுமில்ல லா. பேரன் தூங்கிட்டான், பாரு. இப்படியே ஒரு படம் எடுத்துக் குடும்மா."

நவமணி பார்த்தாள். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், அந்த இடி முழக்கத்திலும், ஒரு சின்னப் பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவள் முழங்காலிட்டு உட்கார்ந்து படம் எடுத்தாள். முதல் இரண்டும் சரியாக வரவில்லை. மூன்றாவது வந்தது.